வடிவப் பான்கேக்குகள்: காலை உணவுக்காகச் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முயல், மீன், கரடி முகம், பிள்ளையின் பெயரின் முதல் எழுத்து என்று விருப்பமான உருவங்களில் பான்கேக் சுட முயல்வோருக்கு வழக்கமாக எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பான்கேக் என்று இங்கே குறிப்பிடுவது மைதா, பால், முட்டை, பேக்கிங் பவுடர் ஆகியவற்றைக் கலந்து தடிமனாகவும் மெத்தென்றும் சுடப்படும் அமெரிக்க வகையையே. பிரெஞ்சுக்காரர்கள் மெல்லியதாகச் சுடும் கிரேப் வகையை அன்று. உருவம் நன்றாக அமைவது கைத்திறனைக் காட்டிலும் மாவின் பதத்தையும் கல்லின் சூட்டையும் பொறுத்தது என்பது என் உறுதியான கருத்து. ஆகையால் பின்வரும் விடைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டைப் பற்றியே பேசுகின்றன.

படம் வரையத் தெரியாதவர்களும் இதைச் செய்ய முடியுமா?

முடியும். வட்டமாக மாவு ஊற்றத் தெரிந்தால் போதும். ஒரு பெரிய வட்டமும் அதன் மேல்விளிம்பைத் தொட்டபடி இரண்டு சிறிய வட்டங்களும் ஊற்றினால் கரடி முகம் வந்துவிடும். உலகெங்கும் பிள்ளைகள் விரும்பும் மிக்கி மவுஸ் பான்கேக்கும் இதே மூன்று வட்டங்கள்தாம். காதுகளை நீளமாக இழுத்துவிட்டால் முயல். ஒரு நீள்வட்டமும் அதன் முனையில் ஒரு முக்கோணமும் சேர்ந்தால் மீன். சிறு வட்டங்களை ஒன்றையொன்று தொடும்படி வரிசையாக ஊற்றினால் கம்பளிப்புழு. தொடக்கத்தில் தவிர்க்க வேண்டியவை மெல்லிய கால்களும் வால்களும் மீசைகளும் ஆகும். அவை உடலைவிட விரைவில் வெந்து கருகிவிடும். திருப்பும்போதும் அவையே முதலில் முறியும்.

மாவுக்குச் சரியான அளவு என்ன?

நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு இரண்டு சிறிய பான்கேக்குகள் கிடைக்க 125 கிராம் மைதா, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு முட்டை, ஏறக்குறைய 180 மில்லிலிட்டர் பால், உருக்கிய வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி ஆகியவை போதும். சாதாரண வட்டப் பான்கேக்குக்கு இதே மாவில் இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்ப்பது உண்டு. உருவம் வரைவதற்கு அதைக் குறைத்துக்கொள்வது நல்லது. வாயு அதிகமானால் மாவு எழும்பிப் பரவிக் கோடுகளின் கூர்மையைக் கெடுத்துவிடும்.

பதம் என்பதே இங்கு முதன்மையானது. மாவைக் கரண்டியில் எடுத்துத் திரும்பக் கிண்ணத்தில் விட்டால், விழுந்த தடம் இரண்டு மூன்று நொடிகள் மேலே நின்று, பிறகு மறைய வேண்டும். உடனே மறைந்தால் மாவு நீர்த்திருக்கிறது; அது கல்லில் தன் போக்கில் ஓடும். தடம் மறையாமலே நின்றால் மாவு கெட்டி. அது மாவை நிரப்பி வரையும் புட்டியின் முனையில் அடைத்துக்கொள்ளும், அடிப்பக்கம் சிவந்த பின்னும் நடுவில் வேகாது. ஒவ்வொரு மைதாவும் நீரை வெவ்வேறு அளவில் இழுப்பதால், பாலில் இரண்டு மேசைக்கரண்டி அளவைத் தனியே வைத்துக்கொண்டு, பதம் பார்த்துக் கடைசியில் சேர்ப்பதே பாதுகாப்பான முறை.

கட்டிகள் போகும்வரை நன்றாக அடித்துக் கலக்கலாமா?

கூடாது. கோதுமை மாவு நனைந்ததும் அதிலுள்ள புரதங்கள் இணைந்து குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலையாகின்றன. அடிக்க அடிக்க அந்த வலை இறுகி, பான்கேக் இரப்பர்போல் இழுபடும். சாதாரணப் பான்கேக்கில் சிறு கட்டிகள் இருப்பதால் குற்றமில்லை. ஆனால் புட்டியில் ஊற்றும் மாவில் கட்டி இருந்தால் முனை அடைபடும் என்பதால், உலர்ந்த பொருள்களை முதலிலேயே சலித்துவிட்டு, ஈரப் பொருள்களை ஊற்றி இதமாகக் கலந்து, பத்து நிமிடம் அப்படியே வைத்து, பிறகு தேநீர் வடிகட்டியைவிடச் சற்றுப் பெரிய கண்ணுள்ள சல்லடையில் வடித்தெடுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் பெரும்பாலான கட்டிகள் தாமாகவே ஊறிக் கரைந்துவிடும்.

பேக்கிங் பவுடருக்குப் பதிலாக ஆப்ப சோடா சேர்க்கலாமா?

சேர்க்கலாம், ஆனால் கூடவே புளிப்பும் வேண்டும். ஆப்ப சோடா புளிப்புடன் சேர்ந்தால்தான் முழுமையாக வாயுவை வெளியிடும். பேக்கிங் பவுடரில் சோடாவும் புளிப்புப் பொருளும் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர வேதியியலர் ஆல்ஃபிரட் பேர்ட், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843-இல் அதை உருவாக்கினார். சோடா மட்டும் கையில் இருந்தால், பாலுக்குப் பதில் புளித்த கெட்டி மோரை ஊற்றிக் கால் தேக்கரண்டிக்குச் சற்று மேலாகச் சோடா சேர்த்தால் போதும். அளவு மிஞ்சினால் சவர்க்காரச் சுவை தட்டும். காரத்தன்மை கூடியதால் மாவு வழக்கத்தைவிட விரைவில் சிவந்து, வரைந்த கோட்டுக்கும் பின்னணிக்கும் வேறுபாடே தெரியாமல் போகும்.

முட்டை சேர்க்காத வீடுகளில் என்ன செய்வது?

ஒரு முட்டைக்கு ஈடாக, அரைத்த ஆளிவிதை ஒரு மேசைக்கரண்டியை மூன்று மேசைக்கரண்டி நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேர்க்கலாம். கால் கிண்ணம் கெட்டித் தயிரும் பொருந்தும். மசித்த வாழைப்பழம் சுவை தரும் என்றாலும் அதிலுள்ள சர்க்கரையால் பான்கேக் முழுவதும் விரைவில் நிறம் மாறிவிடுவதால், கோடு வரையும் நாள்களில் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

ஒரே மாவில் வரைந்த கோடு மட்டும் எப்படிக் கரும்பழுப்பாகத் தெரிகிறது?

முதலில் ஊற்றப்பட்ட மாவு அதிக நேரம் கல்லில் இருக்கிறது என்பதே காரணம். மாவிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள புரதப் பகுதிகளும் சர்க்கரைகளும் சூட்டில் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் நறுமணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மெயார் 1912-இல் இந்த வினையை விளக்கியதால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஏறத்தாழ 140 பாகை செல்சியசுக்கு மேல் அது வேகம் பிடிக்கிறது. தோசையின் அடிப்பக்கம் சிவப்பதும் இதே வினையால்தான். நேரம் கூடக்கூட நிறம் ஆழமாகும் என்பதால், பான்கேக் ஓவியத்தில் வண்ணத்தின் வேலையை நேரமே செய்கிறது.

இதை மூன்று கட்டமாகச் செய்ய வேண்டும். கண், மூக்கு, வாய், வெளிக்கோடு ஆகியவற்றை முதலில் வரைந்து, கோட்டின் மேற்பரப்பு பளபளப்பு இழந்து மங்கும்வரை முப்பது முதல் அறுபது நொடி காத்திருக்க வேண்டும். அடுத்து நிழலாகத் தெரிய வேண்டிய இடங்களில், எடுத்துக்காட்டாகக் கரடியின் காதின் உட்பகுதியிலும் கன்னத்திலும், மாவை நிரப்பி மேலும் அரை நிமிடம் விட வேண்டும். கடைசியில் எஞ்சிய இடம் முழுவதையும் மூடும்படி மாவை ஊற்ற வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் முன்பு வரைந்தவை இடம் பெயரும் என்பதால் புட்டியின் முனையைக் கல்லுக்கு மிக அருகில் பிடிக்க வேண்டும். திருப்பியதும் கரும்பழுப்பு, இளம்பழுப்பு, பொன்னிறம் என்று மூன்று நிறங்கள் ஒரே மாவிலிருந்து கிடைத்திருக்கும். இந்த முறைக்கு எந்த நிறப்பொடியும் தேவையில்லை என்பதாலேயே இது எனக்கு மிகவும் பிடித்தமானது.

பெயரை எழுதினால் தலைகீழாக வருகிறதே?

தலைகீழாக அன்று, இடவலமாக மாறி வருகிறது. நாம் பார்ப்பது கல்லைத் தொட்டிருந்த பக்கம் என்பதால், வரைந்தது கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிவிடும். முகம், பூ, இதயம் போன்ற வடிவங்களில் இதைப் பற்றிக் கவலையில்லை. எழுத்துகளில் ‘ப’ இருபுறமும் ஒத்திருப்பதால் எப்படி எழுதினாலும் சரியாக வரும். ஆங்கிலத்தின் ஏ (A), ஹெச் (H), எம் (M), ஓ (O), டி (T) ஆகிய பெரிய எழுத்துகளும் அவ்வாறே. மற்ற எழுத்துகளைத் தாளில் தடித்த பேனாவால் எழுதி, தாளைத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் வடிவத்தைப் பார்த்து வரைய வேண்டும்.

இன்னொரு வழி இதைவிட எளிது. பின்னணி மாவே இல்லாமல் எழுத்தை மட்டும் தடிமனாக, வழக்கமான திசையிலேயே ஊற்றி, இருபுறமும் வேகவைத்த பிறகு, முதலில் மேலே இருந்த பக்கத்தையே மேலாக வைத்துப் பரிமாறினால் எழுத்து நேராகவே இருக்கும். சுழியுள்ள எழுத்துகளில் மாவு பரவிச் சுழியை அடைத்துவிடும் என்பதால், அவற்றைப் பெரிதாக, ஒரு பான்கேக்குக்கு ஓர் எழுத்து என்ற அளவில் எழுதுவதே முறை.

கல்லின் சூடு எவ்வளவு இருக்க வேண்டும்?

வட்டப் பான்கேக்குக்கு 190 பாகை செல்சியஸ் அளவு ஏற்றது. வரைவதற்கு 150 முதல் 160 வரை போதும். வெப்பமானி இல்லாத அடுக்களையில் ஒரு துளி நீரே போதுமான அளவுகோல். துளி கல்லில் உருண்டு ஓடினால் சூடு மிக அதிகம். துளிக்கும் கல்லுக்கும் இடையே நீராவிப் படலம் உருவாகித் துளியைத் தாங்குவதால் அப்படி ஓடுகிறது. செருமானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட் 1756-இல் இதை விரிவாக எழுதினார். வரைவதற்கேற்ற சூட்டில் துளி விழுந்த இடத்திலேயே மெல்லச் சலசலத்துச் சில நொடிகளில் வற்ற வேண்டும்.

கைவேகம் குறைந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய வழி, கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்து வரைவதாகும். அடுப்பை அணைத்த நிலையில் நிதானமாகக் கோடுகளை முடித்து, சிறுதீயில் ஒரு நிமிடம் வைத்து, மறுபடி இறக்கி நிழலிட்டு, மீண்டும் ஏற்றி நிரப்பலாம். அவசரம் இல்லாததால் கோடு நடுங்காது; முதலில் வரைந்த கண்ணும் கடைசியில் வரைந்த வாயும் ஒரே நிறத்தில் இருக்கும். எரிவாயு அடுப்பில் நடுப்பகுதியும், சில மின்தூண்டல் அடுப்புகளில் ஒரு வளையப் பகுதியும் மட்டும் அதிகம் சூடேறும் என்பதால், இடையிடையே கல்லைச் சுழற்றி வைப்பது நல்லது.

இரும்புத் தோசைக்கல்லிலேயே செய்யலாமா?

செய்யலாம்; ஆனால் சர்க்கரையும் பாலும் பட்ட கல்லில் மறுநாள் தோசை ஒட்டிக்கொண்டு எழும்பாது. சப்பாத்திக்கும் தோசைக்கும் தனித்தனிக் கல் வைத்திருக்கும் வீடுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. படத்துக்கு விளிம்பு தாழ்ந்த, தட்டையான நான்ஸ்டிக் கல்லே சிறந்தது. அதை வெறுமையாகப் பெருந்தீயில் காயவிடக் கூடாது. 260 பாகை செல்சியசைத் தாண்டினால் அதன் பூச்சு சிதையத் தொடங்கும்.

எண்ணெய் எவ்வளவு தடவ வேண்டும்?

துணியில் நனைத்துத் துடைத்தபின் கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். எண்ணெய் தேங்கினால் அது துளித்துளியாகப் பிரிந்து, மாவு கல்லைத் தொடும் இடமும் தொடாத இடமுமாகி, மேற்பரப்பு முழுவதும் புள்ளியும் வரியுமாகச் சிவந்து படத்தைக் கெடுத்துவிடும். முதல் பான்கேக் மட்டும் பல வீடுகளில் திட்டுத்திட்டாக வருவதற்கு இதுவே காரணம்.

வரைவதற்கு எந்தக் கருவி வாங்க வேண்டும்?

தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. காலியான தக்காளி சாஸ் புட்டியைக் கழுவி உலர்த்தி, கோடுகளுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளையுள்ள முனையும், நிரப்புவதற்கு அதைவிடப் பெரிய துளையுள்ள இன்னொரு புட்டியும் வைத்துக்கொண்டால் போதும். தடித்த பிளாஸ்டிக் பையில் மாவை நிரப்பி, மூலையைச் சிறிதாக வெட்டி, மருதாணிக் கூம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தும் வரையலாம். மருதாணியிலோ கோலத்திலோ கை பழகியவர்களுக்கு இது உடனே வசப்படும்.

உலோக அச்சுகள் பயன்படுமா?

ஓரளவே பயன்படும். உட்புறம் வெண்ணெய் தடவிய உலோக அச்சைக் கல்லில் வைத்துப் பாதி உயரம் மட்டும் மாவு ஊற்றி, மேற்பரப்பு இறுகியதும் அச்சை எடுத்துவிட்டுத் திருப்ப வேண்டும். நட்சத்திரத்தின் முனைகள் போன்ற குறுகிய மூலைகளில் மாவு முழுதாகச் சென்று சேராது. சூடு தாங்கும் சிலிக்கான் அச்சுகளும் உண்டு. சாதாரண பிளாஸ்டிக் அச்சைக் கல்லில் வைக்கவே கூடாது. வட்டமாகச் சுட்டு ஆறிய பின் பிஸ்கட் அச்சால் வெட்டினால் வடிவம் துல்லியமாக வரும், வெட்டிய துண்டுகள் மிஞ்சும். அவற்றைத் தயிரும் பழமும் சேர்த்துக் கிண்ணத்தில் பரிமாறலாம்.

நம் வீட்டுப் பணியாரக்கல்லை இங்கே மறக்கக் கூடாது. டென்மார்க்கில் ஏப்லஸ்கீவர் என்னும் உருண்டைப் பான்கேக்கைக் குழிகள் கொண்ட இதே போன்ற கல்லில்தான் சுடுகிறார்கள். நெதர்லாந்தின் போஃபர்ட்யஸ் என்னும் குட்டிப் பான்கேக்குகளுக்கும் குழிக்கல் உண்டு. பணியாரக்கல்லில் சுட்ட உருண்டைகளைத் தட்டில் வரிசையாக வைத்தால் கம்பளிப்புழு ஆகும், அடுக்கினால் பனிமனிதன்.

இயற்கை நிறங்கள் சேர்த்தால் சூட்டில் நிற்குமா?

பொருளைப் பொறுத்தது. எல்லாவற்றிலும் நம்பகமானது கோக்கோ பொடி. மொத்த மாவில் கால் பங்கைத் தனியே எடுத்து ஒரு மேசைக்கரண்டி கோக்கோவும் ஒரு மேசைக்கரண்டி பாலும் கலந்தால், காத்திருக்காமலே கரிய கோடு கிடைக்கும். மஞ்சள்தூள் ஒரு சிட்டிகையே பொன்மஞ்சள் நிறம் தரும், ஆனால் சோடா போன்ற காரப்பொருளில் சிவக்கும் இயல்புடையது. சோடா மிகுந்த மாவில் அது செம்மஞ்சளாகிவிடும். அரைத்து வடித்த பசலைக்கீரைச் சாறு இளம்பச்சை தரும். வாசனை தெரியாத அளவுக்குக் குறைவாகவே சேர்க்க வேண்டும்.

பீட்ரூட் பலரை ஏமாற்றுகிறது. மாவில் இளஞ்சிவப்பாக அழகாய் இருக்கும் அதன் நிறமி சூட்டில் சிதைவதால் சுட்டபின் பழுப்பேறிவிடும். சாற்றுடன் சில துளி எலுமிச்சை சேர்த்து, மிகச் சிறு தீயில் மூடி போட்டு வேகவைத்தால் ஓரளவு தங்கும். சங்குப்பூவைச் சுடுபாலில் ஊறவைத்தால் நீலம் கிடைக்கும். தயிரோ எலுமிச்சையோ பட்டால் அது ஊதாவாகும், சோடா பட்டால் பச்சையை நோக்கிச் சாயும். புளூபெர்ரி சேர்த்த பான்கேக்கில் பழத்தைச் சுற்றிப் பச்சை வளையம் தோன்றுவதும் இத்தகைய நிறமியாலேயே. அது கெட்டுப்போனதன் அடையாளமன்று. நிறம் எதுவாயினும் அடிப்பக்கம் சிவந்தால் அது மறைந்துவிடும்; நிறப் படத்துக்கும் பழுப்புக் கோட்டுப் படத்துக்கும் ஒரே சூடு ஒத்துவராது.

திருப்பும்போது உடைவதை எப்படித் தவிர்ப்பது?

மேலே எழும் குமிழிகள் வெடித்து, துளைகள் மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். விளிம்பு பளபளப்பு இழந்திருக்க வேண்டும். அதற்கு முன் தோசைத் திருப்பியை உள்ளே விடக் கூடாது. பிறகு எல்லாப் பக்கத்திலிருந்தும் சிறிது சிறிதாகத் தளர்த்தி, உருவத்தின் கனமான பகுதியின் கீழே அகலமான திருப்பியைச் செலுத்தித் தாழ்வாகவே திருப்ப வேண்டும். உருவம் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால், திருப்பாமல் மூடி போட்டு மேற்பக்கத்தையும் ஆவியில் வேகவைத்து, தட்டைக் கவிழ்த்து வைத்துக் கல்லோடு சேர்த்துத் திருப்பிக்கொள்ளலாம். இரண்டாம் பக்கத்துக்கு முதல் பக்கத்தின் பாதி நேரம் போதும். கரண்டியால் அழுத்தினால் உள்ளிருக்கும் வாயு வெளியேறித் தட்டையாகிவிடும்.

கோதுமை மாவு, கேழ்வரகு மாவு பயன்படுத்தலாமா?

மைதாவில் பாதியைக் கோதுமை மாவாக மாற்றலாம். தவிடு நீரை இழுப்பதால் பால் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும், ஊறும் நேரமும் இருபது நிமிடம் வேண்டும். கேழ்வரகில் குளூட்டன் இல்லாததால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேர்த்தால் உருவம் எளிதில் உடையும். அதன் கருமையில் பழுப்புக் கோடு தெரியாது. ஆகவே முறையை மாற்றி, கோட்டை மைதா மாவால் வரைந்து உடனே கேழ்வரகு மாவை ஊற்றினால், கரும்பலகையில் எழுதியதைப்போல வெளிர்க்கோடு தெளிவாகத் தெரியும்.

பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளலாமா?

கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். தம் கையால் வரைந்ததைப் பிள்ளைகள் ஆர்வத்துடன் உண்பார்கள். ஆறிய கல்லில் வரைவதற்கு நான்கு வயதுப் பிள்ளையின் கையே போதும். ஏற்றுவதும் இறக்குவதும் திருப்புவதும் பெரியவர்களின் வேலை. பச்சை மாவை நக்க விடக் கூடாது. முட்டையால் மட்டுமன்றி வேகாத மாவாலும் நோய் வரலாம். 2016-இல் அமெரிக்காவில் மைதா வழியாக ஈ. கோலை என்னும் பாக்டீரியாவின் நோய்த்தொற்று பரவியது. கண்ணாக வைக்கும் திராட்சையைச் சிறு பிள்ளைகளுக்கு முழுதாகத் தராமல் நீளவாக்கில் நான்காக நறுக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரவே கூடாது.

மேலே எதை ஊற்றிப் பரிமாறுவது?

மேப்பிள் பாகு மரபானது. ஏறக்குறைய நாற்பது லிட்டர் மரச்சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைப்பதால் விலையும் அதிகம். கருப்பட்டிப் பாகு சுவையில் அதற்குச் சற்றும் குறைந்ததன்று என்பது என் எண்ணம். எதுவாயினும் படத்தின்மேல் ஊற்றாமல் சிறு கிண்ணத்தில் வைத்துத் தொட்டு உண்ணச் செய்தால் படமும் கெடாது, இனிப்பும் குறையும். நாளொன்றுக்குத் தேவையான ஆற்றலில் சேர்க்கப்படும் சர்க்கரைகளின் பங்கு பத்து விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் பரிந்துரைத்தது. எனவே வாரநாளில் வாழைப்பழமும் தயிரும் போதும்.

பள்ளிக்குச் செல்லும் காலை அவசரத்தில் இதற்கு நேரம் எங்கே?

உலர்ந்த பொருள்களை மட்டும் கலந்து காற்றுப்புகாத புட்டியில் வைத்தால் சில வாரங்கள் இருக்கும். காலையில் பாலும் முட்டையும் வெண்ணெயும் சேர்ப்பதே மிச்சம். இரவே முழு மாவையும் கரைத்து வைத்தால் வாயுவின் பெரும்பகுதி போய்விடும். கரைத்த மாவை அரைமணி நேரத்துக்குள் பயன்படுத்துவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை நிதானமாக வரைந்து சுட்டு, கம்பித்தட்டில் முழுவதும் ஆறவைத்து, இடையிடையே வெண்ணெய்த்தாள் வைத்து உறைபெட்டியில் அடுக்கினால் ஒரு மாதம் வரை சுவை குன்றாது. உண்ணும் நாளில் உறைந்ததை அப்படியே சிறுதீயில் உள்ள கல்லில் படம் மேலாக இருக்கும்படி வைத்து, மூடி போட்டு, இரண்டு மூன்று நிமிடம் சூடாக்க வேண்டும். படமுள்ள பக்கத்தைக் கல்லில் வைத்தால் கோடும் பின்னணியும் சேர்ந்து கருத்துவிடும்.